ஒற்றைப் புள்ளி றீல்

கடிகாரம் திருத்தி வாழ்ந்த ஒருவரை நான் கள்ளன் என்று சொன்னேன். அவர் கள்ளன் அல்லர். அது எனக்குத் தெரியவந்த பிறகும் பத்து வருடத்துக்கு மேலாக நான் வாயைத் திறக்கவில்லை. முதல் பிழையைக் கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு சாட்டும் என்னிடம் இல்லை.

கடிகாரம் திருத்துபவரின் தொழில் எதில் நிற்கிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். ஆட்கள் தங்கள் பொருளை அவர் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். மூடிக்குள் என்ன இருக்கிறது என்று கொடுத்தவனுக்குத் தெரியாது. பழுதான சில்லை, அதாவது பற்சக்கரத்தை, மாற்றினாரா, நல்ல சில்லை உருவினாரா என்று அறிய அவனுக்கு வழியில்லை. நம்பித்தான் போகிறான். அந்த நம்பிக்கையை நான் கெடுத்தேன். அதுவும் ஒரு கடிகாரத்தை வைத்து அல்ல, மீன்பிடிக்கும் றீல் ஒன்றை வைத்து.

வெள்ளையர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டபோது நான் அங்கே டொக்யாட் என்ற கப்பற்பட்டறையின் ஸ்டோரில் கிளாக்கராக இருந்தேன். மிஷன் கல்லூரியில் படித்தவன், இங்கிலிஷில் கடிதம் பிழையில்லாமல் எழுதுபவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை மற்றவர்களைவிட நானே கூடுதலாக நம்பினேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒரு மீன்பிடிப் பைத்தியம். அவரோடு கரைகரையாகப் போனவர்கள் இருவர்: நானும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் நண்பனும். கப்பல் ஏறுவதற்கு முதல்நாள் அவர் விறாந்தை மேசையில் இரண்டு தூண்டில் கம்புகளையும் இரண்டு றீல்களையும் வைத்து, ஆளுக்கொன்றாக எடுக்கச் சொன்னார். எனக்கு மட்டும், கூர் மூக்குள்ள ஒரு சின்ன மெஷின் எண்ணெய்ப் போத்தலும் தந்தார்.

றீல்கள் இரண்டும் ஒரே அச்சு. கம்புகள்தான் வேறு. ஒன்று மூங்கிலை ஆறு கீற்றாகப் பிளந்து ஒட்டிச் செய்தது. தேன் நிறம், வளையங்களைச் சுற்றிச் சிவப்புப் பட்டுநூல். மற்றது அப்போதுதான் வரத்தொடங்கியிருந்த கண்ணாடிநார்க் கம்பு. மங்கிய பச்சை, பூச்சிமருந்து அடிக்கும் குழாய் போலிருந்தது. நான் யோசிக்காமல் மூங்கிலை எடுத்தேன்.

"பொம்பிளை பாக்கப் போனமாதிரி நிறத்தைப் பாத்து எடுத்திட்டாய் மச்சான்" என்றான் கிரேன்காரன்.

அவன் சொன்னதில் பிழையில்லை. மூங்கில் கம்பு அடிவரை மெல்ல வளையும். மீன் இழுப்பது உள்ளங்கைக்குத் தெரியும். ஆனால் அது ஒரு நோயாளிப் பிள்ளை. சுவரில் சாய்த்துவைத்தால் சாய்ந்தபடியே கோணிவிடும், ஆணியில் தொங்கவிடவேண்டும். உப்புத்தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடவேண்டும். பட்டுநூல் கட்டுகளுக்கு வருடம் ஒருமுறை அரக்கு வார்னிஷ் பூசவேண்டும். கிரேன்காரனின் பச்சைக் கம்பு கோழிக்கூட்டின் மேல் மழையில் கிடந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எறியும்போது அது சவுக்குப் போல விசுக்கென்று வேலை செய்தது.

றீல் என்றால் கைத்தூண்டில்காரர் நூல் சுற்றப் பாவிக்கும் தகரப் பேணி மாதிரியானது அல்ல. கம்பின் மேல் குறுக்காகக் கிடக்கும் ஓர் உருளை. கைபிடியை ஒருமுறை சுற்றினால் அது நான்குமுறை சுற்றும். எறியும்போது உருளை தானே ஓடித் தங்கூசி என்ற நைலோன் நூலை விடும். பெருவிரலை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்திருக்கவேண்டும். அழுத்தினால் இரை காலடியில் விழும். விட்டால் உருளை நூலை முந்தி ஓடி, எல்லாம் சிக்குப்பட்டுத் தேங்காய்த் தும்பு மாதிரி வெளியே பொங்கும். அதற்கு எங்கள் இருவருக்குள்ளும் பெயர் தும்பு.

ஞாயிற்றுக்கிழமையை வேலைநாளாக்கி, பௌத்தர்களின் நிலா நாளான போயாவுக்கு லீவு கொடுத்த வருடங்கள் அவை. கிரேன்காரன் வேதக்காரன், ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு மாதாகோயில் பூசைக்கு ஓடிவிட்டு வேலைக்கு வரவேண்டியிருக்கிறது என்று முணுமுணுப்பான். மீனுக்கு அது நல்ல ஒழுங்கு. பூரணையும் அமாவாசையும் லீவு நாளாக வரும். நீர் ஏறி இறங்கும் நாளும் அதுதான். விடிய முதல் பஸ்ஸில் கிண்ணியாத் துறைக்குப் போய், பாதை என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகு வந்து அணையும் இடத்துக்கு அப்பால், பாறையில் நின்று கொடுவா மீனுக்கு எறிவோம். பாதைக்குக் காத்து நிற்பவர்கள் பார்ப்பார்கள். யாருடைய இரை தூரம் போகிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஒரு மாரி முடிந்தபோது இரண்டு றீலுக்குள்ளும் உப்பு இறங்கிக் கரகரத்தது. கடைத்தெருவில், ஒரு புடைவைக்கடையின் விறாந்தையில், கண்ணாடிப்பெட்டி வைத்துக் கடிகாரம் திருத்திய ஒருவர் இருந்தார். கிண்ணியா ஆள், முஸ்லிம். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நானா என்போம். றீலைக் கையில் வாங்கிக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"இதுவும் ஒரு மணிக்கூடுதான் சேர். முள்ளு மட்டும் இல்ல."

இரண்டையும் ஒரே நாளில் திறந்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாசர், இரண்டிலும் பெற்றோல், அதற்குள் சில்லுகள். அப்படிக் கிடந்ததை என் கண்ணால் கண்டேன். பின்னர் நான் கட்டிய கதைக்கெல்லாம் அந்தக் காட்சிதான் அத்திவாரம்.

திரும்பி வந்த அன்று இரண்டு றீலும் தண்ணீர் போல ஓடின. வீட்டுக்குக் கொண்டுபோனதும் அதிகாரி தந்த போத்தலை எடுத்து நாலு துளி எண்ணெய் விட்டேன். சாமானை நன்றாகப் பார்த்துக்கொள்வதில் கிரேன்காரனைவிட நான் ஒரு படி மேல் என்பது என் எண்ணம். அவன் ஏதோ கிரேனுக்கு விடும் எண்ணெயில் விரலைத் தோய்த்துத் தடவுகிறவன்.

மூன்றாவது போயாவில் என் றீல் இறுகிவிட்டது. அவன் இரை நடுநீரோட்டத்தில் விழ, என்னுடையது அதில் பாதித்தூரம் போனது. கம்பின் குறை என்றேன். அவன் சிரித்துக்கொண்டு தன் றீலைக் கழற்றி என் மூங்கில் கம்பில் பூட்டினான். என்னுடையதைத் தன் பச்சைக் கம்பில் பூட்டினான். என் கம்பிலிருந்து அவன் றீல் தூரம் போனது. அவன் கம்பிலிருந்தும் என் றீல் போகவில்லை.

பாதைக்கு நின்ற ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், உங்கட மெஷினுக்குக் காய்ச்சலோ?"

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரே அச்சில் இரண்டு றீல். ஒரே நாளில் ஒரே மேசையில் திறந்தது. முன்பு சமமாக ஓடியவை. இப்போது ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. அப்படியென்றால் என்னுடைய நல்ல சில்லு எங்கே போனது?

சந்தேகம் வந்தபின் எல்லாம் அதற்குச் சாட்சி சொன்னது. கிரேன்காரன் நானாவுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுப்பான், நான் கொடுத்ததில்லை. திருத்திய றீல்களை எடுத்துவந்தவன் அவன். என் றீலின் ஒரு திருகாணித் தலை இலேசாகத் தேய்ந்திருந்தது, அவனுடையது தேயவில்லை. நானா என்னைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கிறார் என்றுகூட நினைத்தேன். முன்பும் அவர் அப்படித்தான் சிரித்திருப்பார்.

நான் ஸ்டோர்க் கிளாக்கர். பொருளுக்கு அடையாளம் போடுவது என் தொழில். றீலை மறுபடி நானாவிடம் கொடுக்குமுன் பக்கத்தகட்டைத் திறந்தேன். உள்ளே உள்ள பெரிய பித்தளைச் சில்லின் முகத்தில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. அதைக் கண்டேன், அது என்னவென்று யோசிக்கவில்லை. தையல் ஊசியால் அதன்மேல் ஒரு சிலுவைக்குறி கீறினேன். மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலு நாளில் றீல் வந்தது. தண்ணீர் போல ஓடியது. அறையைச் சாத்திக்கொண்டு திறந்தேன். சில்லு மஞ்சளாக மினுங்கியது. சிலுவை இல்லை. எழுந்து அறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன். அது கவலையால் அல்ல. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தால்.

மறுநாள் மதியம் புடைவைக்கடை விறாந்தைக்குப் போனேன். அவர் கண்ணில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்திருந்தார்.

"நானா, இதுக்குள்ள இருந்த பெரிய சில்லு எங்க?"

"அதுக்குள்ளதான் இரிக்கி சேர்."

"இது வேற சில்லு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற சில்லுக்கு நான் எங்க போற? இந்தச் சாமான் இந்த ஊர்ல ரெண்டுதானே இரிக்கி."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ரெண்டுதான் இருக்கு."

அது என்ன பேச்சென்று அவருக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. விளங்கியபோது முகம் மாறியது, குரல் மாறவில்லை.

"என்ன எண்ணெய் சேர் விடுறீங்க? உள்ளுக்குப் பச்சையாப் பிசின்மாதிரிப் பிடிச்சிக் கிடந்திச்சி. தேச்சுத்தான் எடுத்தேன். நல்ல எண்ணெய் அப்பிடிப் பிடிக்காது."

"துரை தந்த எண்ணெய். பழியை எண்ணெயிலை போடாதேங்கோ."

"கோவிக்காதீங்க. அந்தச் சில்லக் கழட்டி மறுபக்கம் திருப்பிப் பாருங்க. நான் அதில..."

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம். நான் அடையாளம் போட்டுத்தான் தந்தனான். இப்ப அடையாளம் இல்லை."

கடைக்குள் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். முதலாளி கதிரையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். நான் தேவைக்கு மேல் உரத்துப் பேசியிருந்தேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

அடுத்த போயாவில் கிரேன்காரனிடம் போனேன்.

"உன்ர றீலை ஒருக்காத் திறப்பம்."

"ஏன்?"

"சும்மா பாக்க."

"சும்மா பாக்கிறதெண்டா வெளியாலை பார். நல்லா ஓடுற சாமானைத் திறக்கிறவன் மடையன்."

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாக்கப் பயமோ?"

"பயமில்லை மச்சான். நீ என்னத்தைத் தேடுறாய் எண்டு தெரியும். ஒண்டையும் தேடேல்லை எண்டு சொல்லுற அண்டைக்கு வா, திறந்து தாறன்."

அவன் திறக்காதது எனக்கு இன்னொரு சாட்சியாயிற்று.

டொக்யாட் வாசலில் உள்ள தேத்தண்ணிக்கடையில் நான் சொன்னது ஒரே வசனம்: "உள்ளுக்கிருக்கிறதை மாத்திப்போட்டுத் தாறான்." நாலைந்து பேருக்குச் சொல்லியிருப்பேன். கேட்டவர்களில் ஒருவர், "அவங்கள் அப்பிடித்தானே" என்றார். அவங்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல் என் கதைக்குப் பலமாயிருந்தது; இருக்கட்டும் என்று விட்டேன். இப்போது இதை எழுதும்போது மற்ற எல்லாவற்றையும்விட அந்த மௌனம்தான் எனக்குக் கூசுகிறது.

என் வாயை விட்டுப்போன பேச்சு என்னிடமே திரும்பி வந்தது. இரண்டு மாதத்துக்குள், பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த இருவர் பேசிக்கொண்டார்கள். "அந்த விறாந்தைக்காரனிட்டை மட்டும் குடுத்திடாதை. பதினேழு கல்லு மணிக்கூடு குடுத்தால் பதினைஞ்சு கல்லோடைதான் வரும்." கடிகாரத்துக்குள் அச்சுகளைத் தாங்க வைக்கும் கல்லைப்பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கடிகாரத்தைப்பற்றியே சொல்லியிருக்கவில்லை. திருத்தலாம் என்று வாய் உன்னியது. என் தரிப்பிடம் வந்தது, இறங்கிவிட்டேன்.

அந்த விறாந்தையைக் கடந்து போகும்போது கண்ணாடிப்பெட்டிக்குள் தொங்கிய கடிகாரங்கள் குறைந்துகொண்டு வந்ததைக் கண்டேன். ஒரு நாள் ஒரு பெண், திருத்திய கடிகாரத்தை வாங்க மறுத்து, முன்னாலேயே மூடியைத் திறந்து காட்டச் சொல்லி நின்றார். நானா திறந்து காட்டினார். அந்தப் பெண்ணுக்கு உள்ளே இருந்தது என்னவென்று தெரியாது. ஆனாலும் கனநேரம் பார்த்தார்.

இதற்கிடையில் என் றீல் மறுபடி இறுகியது. பார், கூடாத சில்லுத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

மாரி வந்தது. தை மாதம் ஒரு கிழமையாக மழை விடவில்லை. விடியப்புறம் போர்வை தேடும் குளிர். போயா விடியலில் றீலுக்கு எண்ணெய் விட மனைவியின் தையல் மெஷின் லாச்சியைத் திறந்தேன். அதிகாரியின் போத்தல் அங்கேதான் வைக்கப்படும். போத்தலைக் கவிழ்த்தேன்; ஒன்றும் வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக, மெழுகு போல உறைந்திருந்தது.

குசினியில் இருந்த மனைவியிடம் காட்டினேன்.

"இதுக்குள்ள என்ன?"

"தேங்காயெண்ணெய். குளிருக்கு உறைஞ்சு போச்சு. வெயிலிலை வையுங்கோ."

"இதுக்குள்ள மெஷின் எண்ணெயெல்லோ இருந்தது."

"அது முடிஞ்சு இப்ப ஒரு வருசமாகுது. கடையிலை வெளிநாட்டுச் சாமான் ஏதும் வருகுதோ? நான்தான் வடிச்சு ஊத்தி வைச்சனான், தையல் மெஷினுக்கு. மெஷினும் இறுகித்தான் கிடக்கு." அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "ஏன், நீங்களும் எடுக்கிறனீங்களோ?"

இல்லை என்றேன்.

மணம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் தலை, கை, தலையணை எல்லாம் தேங்காயெண்ணெய்தான் மணக்கும். பித்தளையில் அது நாட்பட நின்றால் பச்சைப் பிசினாகும் என்பது ஸ்டோரில் பத்து வருடம் பித்தளைச் சாமானோடு இருந்த எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். றீலைத் திறந்தேன். சில்லின்மேல் பச்சை மறுபடி படிந்திருந்தது. ஊசியை எடுத்து அதே மாதிரி ஒரு சிலுவை கீறினேன். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் ஒருதரம் துடைத்தேன். பச்சையும் போனது, சிலுவையும் போனது. நான் அன்று கீறியது பித்தளையில் அல்ல. என் எண்ணெய் விட்ட அழுக்கில்.

சில்லைத் திருப்பித் துடைக்கும்போது அடியில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. செய்த கொம்பனி போட்டதாக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அன்று நானா இன்னும் அந்த விறாந்தையில்தான் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குக் கால் மணி நேரம் நடை. போயிருக்கலாம். புடைவைக்கடை முதலாளி முன்னால் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். தேங்காயெண்ணெய் விட்ட கிளாக்கர் என்று டொக்யாட் முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்தேன். ஒரு சில்லைப்பற்றி என் சொல் பிழையென்றால் என் ஸ்டோர்ப் புத்தகத்தை யார் நம்புவார் என்றும் நினைத்தேன். காரணங்களை இப்படி ஒழுங்காகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றுதான்: வெட்கம். கிரேன்காரனிடம் ஒரு சின்னப் போத்தல் எண்ணெய் வாங்கினேன். எதற்கென்று கேட்டான். தையல் மெஷினுக்கு என்றேன்.

மாசியில் ஒரு போயா. கிண்ணியாத் துறையில் நான் தனியே நின்று எறிந்துகொண்டிருந்தேன். றீல் நன்றாக ஓடியது. நகரப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதையடிக்கு வந்தார். கரியரில், பாயில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய கண்ணாடிப்பெட்டி. விறாந்தையிலிருந்து எழும்பச் சொல்லிவிட்டார்கள் என்று பார்த்ததும் விளங்கியது. பாதை அக்கரையில் நின்றது. அவர் காத்து நிற்கவேண்டியிருந்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு எறிந்தேன்.

"றீல் நல்லா ஓடுதா சேர்?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"ஓம்" என்றேன்.

பாதை வந்தது. சைக்கிளோடு ஏறிப் போனார்.

அதன்பின் பத்து வருடத்துக்கு மேல். கிரேன்காரனும் நானும் ஓய்வுபெற்றோம். அவன் மன்னாரில் இருந்த மகளோடு போய் இருக்கத் தீர்மானித்தான். போவதற்கு முதல்நாள் பச்சைக் கம்பையும் றீலையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"அங்கை பேரப்பிள்ளையள் உடைச்சுப்போடும். நீ வைச்சிரு." கதிரையில் இருந்துகொண்டு றீலை என் பக்கம் தள்ளினான். "இப்ப ஒண்டையும் தேடேல்லைத்தானே? திற."

திறந்தேன். பெரிய சில்லைக் கழற்றித் திருப்பினேன். அடியில் ஊசிமுனைப் புள்ளி, ஒன்றல்ல, இரண்டு. அடுத்த சில்லிலும் இரண்டு. உருளையின் அச்சில் இரண்டு. சின்னக் கொளுவியிலும்கூட இரண்டு. எழுந்துபோய் என் றீலைக் கொண்டுவந்து திறந்தேன். ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு புள்ளி.

"கலந்துபோகாமல் இருக்க நானா குத்தினது" என்றான் கிரேன்காரன். "உன்ரைக்கு ஒண்டு, என்ரைக்கு ரெண்டு. றீலை எடுக்கப் போன அண்டைக்கே எனக்குக் காட்டினவர்."

"உனக்குத் தெரிஞ்சிருந்தால் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நானும் கூட்டுக் கள்ளன் எண்டிருப்பாய். அதோடை, அந்த மனுசன் உனக்குச் சொல்லத்தானே வந்தவர். நீ விட்டனியோ?"

மறுபக்கம் திருப்பிப் பாருங்க, நான் அதில... என்று அவர் தொடங்கிய வசனம் இதுதான். மாற்றிவிட்டார் என்று நான் சொன்ன மனிதர், மாறக்கூடாது என்று கண்ணுக்குத் தெரியாத உறுப்புக்கும் புள்ளி குத்தியிருந்தார்.

முதலில், நான் பேசிக்கெடுத்த இடங்களுக்குப் போனேன். தேத்தண்ணிக்கடையில் கேட்டவர்களில் இருவர்தான் ஊரில் இருந்தார்கள். ஒருவருக்கு றீல் என்ற சொல்லே நினைவில்லை. மற்றவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்ணெய்க் கதை சரி. ஆனா கல்லு உருவினது உண்மைதானே?" என்றார். அதுவும் என்னிடமிருந்து புறப்பட்டதுதான் என்றேன். அவர் நம்பவில்லை. வயது போனதால் மனம் இளகிவிட்டது என்று நினைத்திருப்பார். புடைவைக்கடை முதலாளி நான் சொல்லி முடிக்கும்வரை நின்றார். "இப்ப அந்த இடத்திலை பிளாஸ்டிக் வாளி விக்கிறம்" என்றார்.

பிறகு இரண்டு றீலையும் பையில் போட்டுக்கொண்டு பாதையேறிக் கிண்ணியாவுக்குப் போனேன். கடிகாரம் திருத்தும் நானா என்று கேட்க வழி காட்டினார்கள். வீட்டோடு சேர்த்து இறக்கிய தகரக் கூரையின் கீழ் அதே கண்ணாடிப்பெட்டி. கடிகாரம் குறைவு, பெற்றோல்மக்ஸ் விளக்கும் றேடியோவும் கூட இருந்தன. மேசைக்கு முன்னால் ஒரு நீள வாங்கு. அதில் ஒருவர் இருந்து, தன் கடிகாரம் திறந்து கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போகும்வரை நான் வெளியே நின்றேன்.

உள்ளே போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிலுவையை, எண்ணெயை, தேத்தண்ணிக்கடையை, தை மாதத்தில் தெரிந்தும் வராமல் இருந்ததை. அவர் கண்ணில் செருகியிருந்த கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன எண்ணெய் எண்டீங்க?"

"தேங்காயெண்ணெய்."

"நான் வேப்பெண்ணெய் எண்டு நினைச்சேன்" என்றார். சிரித்தாரா இல்லையா என்று சொல்லமுடியாது. "அண்டைக்குத் துறையில நிண்டு எறிஞ்சீங்களே சேர். சத்தம் சுத்தமா இரிந்திச்சி. கழுவி எண்ணெய் மாத்தியாச்சி எண்டு காதிலயே விளங்கிச்சி. அப்ப சேருக்கும் விளங்கிட்டுது, இண்டைக்கு வருவார் நாளைக்கு வருவார் எண்டு கொஞ்ச நாள் பாத்தேன். பொறகு விட்டுட்டேன்."

நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்து, பஸ் நிலையத்திலும் புடைவைக்கடையிலும் ஒட்டுகிறேன் என்றேன்.

"வேணாம் சேர். ஒட்டினா, இதுவரைக்கும் தெரியாதவனுக்கும் தெரியும்."

நான் அவரை நம்புகிறேன் என்று காட்ட வேறு வழி தெரியவில்லை. இரண்டு றீலையும் மேசையில் வைத்தேன். "இதுகளைக் கழுவித் தாங்கோ நானா. நான் அடுத்த கிழமை வந்து எடுக்கிறன்."

அவர் றீல்களைத் தொடவில்லை.

"நிக்காத ஆளிட சாமான நான் இப்ப திறக்கிறல்ல சேர். அந்த வாங்கில இரிங்க."

இருந்தேன். ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். கழற்றிய ஒவ்வொரு உறுப்பையும் வரிசையாக வைத்து, வைக்கும்போதே உரத்து எண்ணினார். முடிந்ததும் என்னையும் எண்ணச் சொன்னார். தேவையில்லை என்றேன். "எண்ணுங்க சேர்" என்றார். எண்ணினேன். கழுவிப் பூட்டுமுன் மறுபடி எண்ணினோம். ஊருக்குத் திரும்பி வந்தபின் எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். "எல்லாருக்கும்தான்" என்றார். "அதால ஒரு நாளைக்கு மூணு நாலு சாமானுக்கு மேல ஏலாது."

அதன்பின் ஒவ்வொரு மாரி முடிவிலும் இரண்டு றீலோடும் போகிறேன். மூங்கில் கம்பின் ஒட்டு விட்டுப்போயிற்று. மீன்பிடிக்கப் போவதும் குறைவு. றீல்களுக்குக் கழுவவேண்டிய தேவை பெரிதாக இல்லை என்று அவருக்கும் தெரியும். வீட்டுக்குள்ளிருந்து எனக்குத் தேத்தண்ணி வரும். மகனைப்பற்றிச் சொல்வார், மூச்சிழுக்கும் முட்டு வருத்தத்தைப்பற்றிச் சொல்வார். கிரேன்காரனின் கடிதத்தை வாசித்துக் காட்டினால் கேட்பார். என்னோடு அவருக்குக் கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

போனமுறை, றீல் திறந்து கிடக்கும்போது வீதியில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சநேரம் பார்த்திருப்பேன். இந்தப் பக்கம் திரும்பியபோது அவர் கை அசையாமல் நின்றது. திருப்புளி சில்லுக்கு மேலே, தொடாமல். நான் திரும்பி மேசையைப் பார்த்த பிறகுதான் அதை இறக்கினார்.